இதுல ஹபீப் பாய் எங்க?

என்னப்பா, குரு சிஷ்யன் கதைன்னதும் காவி, தாடி, ஆலமரம்னு எல்லாரும் மூஞ்சிய அப்பிராணியா வச்சுக்கிட்டீங்க? கொஞ்சம் எறங்கி வாங்க. இது ஏசி ரூம் கதை. குருவுக்கு வயசு முப்பத்தொண்ணு, ஹார்ட் ஸ்கேன் டாக்டர் ஃபௌசியா. சிஷ்யனுக்கு அம்பத்திமூணு, பாலிடெக்னிக்ல கணக்கு நடத்திட்டு வந்த சிகாமணி. குருவுக்கு சிஷ்யன் 'சார்', சிஷ்யனுக்கு குரு 'மேடம்'. அவ்வளவு மரியாதை அங்க.

சிகாமணியோட வேலை என்னன்னா, ஸ்கேன் படத்துல இதயத்தைச் சுத்தி கம்ப்யூட்டர் ஒரு வளையம் போடும், ரப்பர் பேண்டு மாதிரி. அது நெளிஞ்சு சுருங்கிப் போய் இதயத்தோட செவுத்துல ஒட்டிக்கணும். எவ்வளவு விறைப்பா நிக்கணும்னு ஒரு எண் உண்டு. அதை வைக்கிறது இவரு.

எண்ணைக் கூட்டினா வளையம் அழகா முட்டை மாதிரி நிக்குது. கொறைச்சா இதயத்தை விட்டு வழிஞ்சு நுரையீரலுக்குள்ள பூந்துடுது, தண்ணி மாவைக் கல்லுல ஊத்தின கணக்கா. மூணு வாரமா மனுஷனுக்கு சோறு எறங்கல. கடைசியில நல்லாக் கூட்டி வச்சு நாப்பது பேரோட படத்தை ஒரே மூச்சுல முடிச்சுட்டாரு. ஆனாலும் மனசு அரிக்குது.

மறுநாள் காலையில வந்து கேட்டாரு. "மேடம், வளையம் யார் பேச்சைக் கேக்கணும்? படத்தோட பேச்சையா, நாம சொல்லிக் குடுத்த முட்டை உருவத்தோட பேச்சையா?"

ஃபௌசியா பிரிண்டரைக் காட்டினாங்க.

"நேத்து முடிச்ச நாப்பதையும் கண்ணாடி ஷீட்ல பிரிண்ட் போடுங்க சார். படம் வேணாம், பேரு வேணாம். வளையம் மட்டும். எல்லாம் ஒரே சைசுல."

போட்டாரு. அவங்க ஒண்ணு மேல ஒண்ணா அடுக்கி ஜன்னல் வெளிச்சத்துல தூக்கிப் பிடிச்சாங்க. நாப்பதும் ஒரே கோடு. கொஞ்சம் தடியா.

சிகாமணிக்கு வாயெல்லாம் பல்லு. "பாத்தீங்களா மேடம், ஒண்ணு கூட பிசகல!"

"வெளிய பெஞ்சுல ஹபீப் பாய் உக்காந்திருக்காரு. போன மாசம் அட்டாக் வந்த டீ மாஸ்டர். ஆபரேஷனா மாத்திரையான்னு பன்னெண்டு மணிக்கு சர்ஜன் முடிவு பண்ணுவாரு, உங்க வளையத்தைப் பாத்து. இதுல ஹபீப் பாய் எங்க சார்?"

சிகாமணி ஷீட்டைப் பெரட்டினாரு. பெரட்டிக்கிட்டே இருந்தாரு.

"தெரியலையே மேடம். எல்லாரும் நல்லா இருக்கற மாதிரியே இருக்கு."

"இந்த நாப்பதுல முப்பது பேரு அட்டாக் வந்தவங்க சார்."

ஹபீப் பாயோட படத்தைத் தெறந்தாங்க. இதயத்தோட நுனி பொடைச்சுக்கிட்டு நிக்குது, நைஞ்சுபோன சைக்கிள் ட்யூப் மாதிரி. வளையம் அந்தப் பொடைப்பை வெளிய தள்ளிட்டு, அதோட வாசல்ல நேரா கோடு இழுத்து மூடிட்டுப் போயிருக்கு.

சிகாமணி கீபோர்டை இழுத்தாரு. "எண்ணைக் கொறைக்கறேன் மேடம்."

"கொறைச்சா?"

"நுரையீரலுக்குள்ள போயிடும்."

"கூட்டினா?"

"இப்படி ஆயிடும்."

"அப்போ?"

"எனக்கு ஒண்ணும் புரியல மேடம். சரியான எண்ணு எதுன்னு நீங்களே சொல்லிடுங்க."

ஃபௌசியா ஹபீப் பாயோட ஃபாரத்தை எடுத்து முன்னாடி வச்சாங்க. கடைசிக் கட்டத்துல விரலை வச்சாங்க. 'படத்தோடு ஒப்பிட்டுச் சரிபார்த்தவர்'. அதுக்குக் கீழ வளைச்சு நெளிச்சு ஒரு கையெழுத்து. சிகாமணியோடது. நாப்பது ஃபாரத்துலயும் அதே கையெழுத்து.

வெளிய ஹபீப் பாய் யார்கிட்டயோ சொல்றது கேட்டுச்சு. "இந்த கேன்டீன்காரன் டீயில தண்ணியைத் தவிர எல்லாத்தையும் மறந்துட்டான்பா."

"வளையத்துக்குக் கண்ணு கெடையாது சார்," ஃபௌசியா சொன்னாங்க. "அதுக்குத்தான் இந்தக் கட்டம். நேத்து நீங்க யார் பேச்சைக் கேட்டீங்க?"

சிகாமணி அந்தக் கையெழுத்தை உள்ளங்கையால மூடினாரு.

"வளையம் அழகா இருந்துச்சு மேடம். நான் படத்தைப் பாக்கவே இல்ல."