பிடி வைக்கோல்

ஒரு ஊர்ல ஒரு கோயில்குட்டி இருந்தான். கோயில்குட்டின்னா கிறிஸ்தவங்க கோயில்ல மணி அடிக்கிறவன், பாய் விரிக்கிறவன், சனிக்கிழமையானா வீடு வீடாப் போயி பிடி அரிசி வாங்கிட்டு வாரவன். நம்ம சனங்க உலை வைக்கும்போதெல்லாம் ஆண்டவருக்குன்னு ஒரு பிடி அரிசிய எடுத்துத் தனிக் கலயத்துல போடுவாங்கல்ல, அதுதான். அவன் பேரு மாசிலாமணி. ம் கொட்டு. ஆங்.

அந்தக் கோயிலுக்கு ஒரு கோபுரம். ரொம்பப் பெருசா நினைச்சுக்காத. ஒருத்தன் தோள்மேல ஒருத்தனா மூணு ஆளு நின்னா எட்டிரும். அதை ஒட்டி தொர்க்காள்னு ஒரு பொம்பளை வீடு. புருசன் செத்துட்டான், புள்ளை இல்ல, ஒரு செவலைப் பசு உண்டு. அது கறக்குற பால்லதான் அவளுக்குக் கஞ்சி. அந்தப் பசுவுக்குண்டான வைக்கோலை அவ கோயில் சுவர்ல சாத்திப் போர் போட்டிருந்தா. கோபுரத்துக்கு நேர் கீழ.

மாசிலாமணிக்கு அது கண்ணுல குத்திச்சு.

"அக்கா, வைக்கோலை எடுங்க. கோயில் சுவரு கறையாவுது."

"நாளைக்கு எடுக்கேன்லே."

அப்புறம் மறுபடி போயிச் சொன்னான். நாளைக்குன்னா. அப்புறம் போதகரய்யாவையே கூட்டிட்டுப் போனான். அவ அய்யாவுக்கு ஒரு செம்பு மோர் குடுத்தா. அய்யா குடிச்சாரு, வாயைத் தொடச்சாரு, "நாளைக்கு எடுத்துருவாங்கப்பா"ன்னுட்டு வந்துட்டாரு.

அப்போ கிறிஸ்மஸ் வந்துச்சு. கோபுரத்து உச்சியில நட்சத்திரம் கட்டணும். மாசிலாமணி ஏணி போட்டு ஏறினான். கட்டினான். கட்டிட்டு, நல்லாயிருக்கான்னு பாக்க ஒரு அடி பின்னால நகந்தான். ஏணியில எங்க பின்னால நகர்றது?

சர்ர்ர்ர்... தொப்!

விழுந்தான் வைக்கோல்மேல. ஒரு கீறல் இல்ல. போர்தான் பொத்துனு சரிஞ்சு, மேல மூடியிருந்த தார்ப்பாய் டர்ருனு கிழிஞ்சு, வைக்கோல் தெருவெல்லாம் பறந்துச்சு. தொர்க்காள் ஓடியாந்தா.

"ஐயோ, என் வைக்கோலு!"

அவனை என்னன்னு கேக்கல. அது அவனுக்குச் சுருக்குனு இருந்துச்சு. நேரா கோயிலுக்குள்ள போயி, முழங்கால்ல நின்னு, ஆண்டவருக்கு நன்றி சொன்னான். ரொம்ப நேரம் சொன்னான். அவன் உள்ள நன்றி சொல்லிட்டிருக்கும்போது, அவ வெளிய ஒத்தையா வைக்கோல் பொறுக்கிட்டிருந்தா. அப்போ மழை பிடிச்சுது. சோ... சோன்னு. முக்கால்வாசி நனைஞ்சு அழுகிப் போச்சு. தூங்கிட்டியா? இல்லையா, சரி.

அப்புறம் ஞாயித்துக்கிழமை. மாசிலாமணி எழுந்திரிச்சு சாட்சி சொன்னான். ஆண்டவர் தனக்குச் செஞ்ச நன்மையை எல்லாருக்கும் முன்னால சொல்றதுதான் சாட்சி. "ஒரு தென்னை உசரத்துல இருந்து விழுந்தேன். ஒரு தேவதூதன் கையில ஏந்துனான்." எல்லாரும் அல்லேலூயான்னாங்க. வெளியில இருந்து செவலை, "ம்ம்மாஆஆ."

அடுத்த ஞாயிறு ஒரு சேவலைக் காணிக்கையாக் கொண்டாந்தான். "ரெண்டு தென்னை உசரம். தூதனுங்க ரெண்டு பேரு." சேவல் கொக்கரக்கோன்னுது. வெளியில, "ம்ம்மாஆ."

மூணாவது ஞாயிறு ஒரு கட்டு மெழுகுவத்தி. "விழும்போது மேகம் என் கன்னத்துல பட்டுச்சு. தூதனுங்க ஒரு கூட்டமே வந்துச்சு." வெளியில, "ம்மா." அவ்வளவுதான். அதுக்கு மேல கத்த அதுக்குத் தெம்பு இல்ல. விலாவெலும்பு தெரிஞ்சுது, பால் வத்திக்கிட்டே வந்துச்சு. அடுத்த வாரம் புதன்கிழமை மாட்டுத்தரகர் ஓட்டிட்டுப் போக வாரதா இருந்துச்சு.

மூணு சாட்சியிலயும் வைக்கோல்னு ஒரு வார்த்தை வரல. வந்தா, அதை எடுக்கச் சொல்லி சண்டை போட்டது யாருன்னு கேள்வி வருமில்ல.

அப்புறம் பண்டிகை முடிஞ்சுது. கட்டின நட்சத்திரத்தை அவிழ்க்கணும். மாசிலாமணி மறுபடி ஏறினான். அவிழ்த்தான். கீழ பாத்தான். வெறுந்தரை. கல்லு. ஏணியைக் கட்டிப் பிடிச்சான், ஏணி கடகடகடன்னு ஆடுது.

"ஆண்டவரே, காப்பாத்தும்!"

கீழ தொர்க்காள் வந்தா. அண்ணாந்து பாத்தா. உள்ள போனா. மழைக்குத் தப்பி வீட்டுக்குள்ள கிடந்த ஒரு கட்டு வைக்கோல், பசுவுக்குக் கடைசிக் கட்டு, அதைக் கொண்டாந்து ஏணிக்குப் பக்கத்துல, செவலை கட்டியிருந்த இடத்தை ஒட்டி, உதறி விரிச்சா. அப்புறம் ஏணியை ரெண்டு கையாலயும் பிடிச்சுக்கிட்டா.

"விழுந்தா இதுல விழுலே. பசுமேல விழுந்துராத, அது தாங்காது."

அவன் விழல. இறங்கி வந்தான். வைக்கோல்ல நின்னான். குனிஞ்சு ஒவ்வொரு தாளாப் பொறுக்கி, உதறி, கட்டி, செவலைக்கு முன்னால வச்சான். கர்ரக் கர்ரக்னு அது தின்னுது. அதைப் பாத்துட்டே நின்னான்.

மறுநாள் சனிக்கிழமை. பிடி அரிசிக்குப் போகும்போது வண்டியையும் இழுத்துட்டுப் போனான்.

"பிடி அரிசி போடுங்க. அப்படியே வைக்கோலும் ஒரு பிடி போடுங்க."

"கோயிலுக்கு வைக்கோல் எதுக்குலே?"

"சாட்சிக்கு."

யாருக்கும் புரியல. புரியாமலே போட்டாங்க. ஒரு பிடின்னான், ஆளுக்கொரு கட்டு போட்டாங்க. சாயங்காலம் அவனே போர் போட்டான். எங்க? அதே சுவர்ல, அதே கோபுரத்துக்குக் கீழ.

"கோயில் சுவரு கறையாவும்லே?"ன்னா தொர்க்காள்.

"ஆவட்டும்கா."

புதன்கிழமை தரகர் வந்தாரு, பசு தின்னுட்டிருந்துச்சு, தொர்க்காள் கயித்தைக் குடுக்கல. போயிட்டாரு. ஆனா அதுக்கு முன்னால ஞாயித்துக்கிழமை வந்துச்சுல்ல? மாசிலாமணி எழுந்திரிச்சான்.

"கோபுரம் மூணு ஆளு உசரம்தான். ஏணியில பின்னால நகந்தேன், விழுந்தேன். தொர்க்காக்கா வைக்கோல் தாங்குச்சு. அதை எடுங்கன்னு நான் மூணு தடவ சண்டை போட்டேன். அவங்க எடுக்கல. ஆண்டவருக்கு ஸ்தோத்திரம்." உக்காந்துட்டான்.

போதகரய்யா கேட்டாரு, "ஏம்ப்பா, தூதனுங்க?"

"பொம்பளைங்க பக்கம் கடைசிப் பாயில உக்காந்திருக்காங்கய்யா."

எல்லாரும் திரும்பிப் பாத்தாங்க. தொர்க்காள் முந்தானையை இழுத்து விட்டுக்கிட்டு, "செபத்தை முடிங்கய்யா, பால் கறக்கணும்"னா.

அப்புறம் செவலை கோயில் நேரத்துல கத்துறதே இல்ல. யாராவது சாட்சியைக் கொஞ்சம் நீட்டுனா மட்டும் ஒரு தடவ, "ம்ம்மா."

செவலை படுத்திருச்சு, கோயிலும் பூட்டியாச்சு, கதையும் ஆச்சு. நீயும் கண்ணை மூடு.