எட்டு செகண்டு வேலை

பாவூர்சத்திரத்துல மந்திரமூர்த்தி அண்ணாச்சி கம்ப்யூட்டர் கடையில சங்கிலி, தளவாய், பேச்சிமுத்துன்னு மூணு பேர். சொன்னா சொன்னபடியே செய்வாங்க. சிக்கலே அதான்.

பால் சொசைட்டி கம்ப்யூட்டருக்கு ஓஎஸ், அதான் கம்ப்யூட்டரையே ஓட்டுற சாஃப்ட்வேர், போடுற வேலை கடைக்கு வந்திருந்துது. அந்த ஓஎஸ்ஸை எழுதின மூலம், சோர்ஸ் கோடுன்னுவாங்க, எங்கேயோ தூரத்துல ஒரு பெரிய மெஷின்ல கிடக்கு. நாளுக்கு நாள் மாறும். அதை அப்படியே கடை மெஷின்லயும் வச்சிருக்கணும். இழுத்துட்டு வர மூணு டூல் உண்டு. எதை விட்டாலும் நம்மகிட்ட இல்லாததை மட்டும்தான் கொண்டுவரும்.

“மூணையும் விட்டுப் பாத்து எது வேகம்னு சொல்லுங்க. சனிக்கிழமை பன்னெண்டு மணிக்கு சொசைட்டி செக்ரட்டரி வாராரு. அப்ப சோர்ஸ் மெஷின்ல இல்லேன்னா இந்த வேலையும் போச்சு, பின்னாடியே நீங்களும் போகலாம்”னுட்டு அண்ணாச்சி வெளியூர் போயிட்டாரு.

டூலுங்க பேரு வாய்ல நுழையல. பெரியவன், நடுவுலவன், சின்னவன்னு வச்சுக்கிட்டாங்க.

வியாழக்கிழமை பெரியவனை விட்டாங்க. மூணு மணி நேரம் இழுத்தான். அடுத்து நடுவுலவன், எட்டே செகண்டு. சின்னவனும் எட்டு செகண்டு. பெரியவனுக்கு வயசாயிருச்சு போலன்னு சங்கிலி பாவப்பட்டான்.

தளவாய் நியாயம் பாக்குற ஆளு. வந்த சோர்ஸைப் பூரா அழிச்சுட்டு, வெள்ளிக்கிழமை சின்னவனை முதல்ல விட்டான். மூணு மணி நேரம். பின்னாடி போன பெரியவன் எட்டு செகண்டுல முடிச்சுட்டான்.

டீ ஆறிப்போற வரைக்கும் யோசிச்சாங்க.

“முதல்ல போறவன்தாம்லே மாட்டிக்கிடுதான்”னான் தளவாய்.

“அப்ப முதல் ஆளை விடவே வேண்டாம். நேரா ரெண்டாவது ஆளை விடுவோம்”னான் பேச்சிமுத்து.

இது வேற யாருக்கும் தோணலையேன்னு சங்கிலிக்குக் கண்ணு கலங்கிருச்சு.

சனிக்கிழமை காலையில கடை திறந்ததும் மறுபடி எல்லாத்தையும் அழிச்சாங்க. ‘இவன் ரெண்டாவது’ன்னு ஒரு சீட்டு எழுதி மானிட்டர்ல ஒட்டி, நடுவுலவனை விட்டாங்க. மூணு மணி நேரம்.

“சீட்டை முன்னாடி ஒட்டிட்டோம். அவன் பின்னாடி வயர் வழியால்லா வாரான், எப்படிப் பாப்பான்?”னான் சங்கிலி.

மணி பதினொன்னே முக்கால். சோர்ஸ் மொத்தமும் மெஷின்ல பத்திரமா இருக்கு. அப்ப மூணு பேரும் கையைக் கட்டி உக்காந்திருந்தா எனக்குச் சொல்ல ஒண்ணுமே இருந்திருக்காது.

“எட்டு செகண்டுல வருதுன்னு கண்ணால பாக்காம செக்ரட்டரி நம்புவாரா?”ன்னான் தளவாய்.

நம்ப மாட்டாருன்னு மூணு பேரும் ஒத்துக்கிட்டாங்க. அழிச்சாங்க. சீட்டைப் பிச்சு வயர்ல கட்டினாங்க.

பன்னெண்டுக்கு அண்ணாச்சி செக்ரட்டரியைக் கூட்டிட்டு உள்ள வந்தாரு. மெஷினைப் பாத்தாரு. வெறுமையா கிடந்துது.

“சோர்ஸ் எங்கலே?”ன்னாரு.

“இப்ப வரைக்கும் பூரா இருந்துச்சு அண்ணாச்சி. நீங்க பாக்கலியேன்னு அழிச்சிருக்கோம். மூணு டூலும் ஒரே வேகம், எட்டு செகண்டு. இந்தா காட்டுதோம்”னான் பேச்சிமுத்து.

செக்ரட்டரி வாட்சைப் பாத்தாரு. எட்டு செகண்டுதானே, இருந்து பாத்துட்டே போறேன்னு நாற்காலியை இழுத்துப் போட்டு உக்காந்தாரு.

தளவாய் அவரு கையில ஒரு சோடாவைக் குடுத்தான்.

“எட்டே செகண்டுதான் சார். அதுக்கு முன்னாடி ஒரு மூணு மணி நேரம் மட்டும் ஆகும்.”