ஒன்றும் செய்யாத பட்டன்

செங்கோடன் ஈரோட்டில் சாயப்பட்டறைகளுக்குத் தானியங்கிக் கருவிகள் பொருத்திக் கொடுப்பவர். தண்ணீர் குறைந்தால் மோட்டார் தானே ஓடும். சூடு ஏறினால் தானே நிற்கும். பக்கத்தில் ஆள் நிற்க வேண்டியதில்லை என்பதுதான் அவர் தொழிலுக்குப் பெருமை. வீட்டிலும் அப்படித்தான். அவர் வீட்டு மாடித்தொட்டி வழிந்து தெருவில் யாரும் பார்த்ததில்லை.

ஐம்பதை நெருங்கும்போது அவருக்கு ஆன்லைன் கேம் பழக்கம் வந்தது. ஏழுகோட்டை என்று ஒரு விளையாட்டு. ஐந்து பேராகச் சேர்ந்து கோட்டைக்குள் போக வேண்டும். ஒருவர் கேடயத்தோடு முன்னால் நின்று அடி வாங்குவார். மூன்று பேர் தாக்குவார்கள். ஐந்தாமவர் ஹீலர். அடிபட்டவர்களின் காயத்தை மந்திரத்தால் ஆற்றுவது மட்டும்தான் அவருக்கு வேலை.

அவர் சேர்ந்த குழுவுக்கு ஹீலர், நாகர்கோவிலில் கல்யாண வீடியோக்களை எடிட் செய்து தரும் ஜெசிந்தா. செங்கோடனைவிட ரொம்பச் சின்னவள். அவள் இருக்கும் ஆட்டத்தில் ஆள் விழுவது அபூர்வம். இப்போது அவளுக்குப் பிரசவ நாள் நெருங்கிக்கொண்டிருந்தது. நாற்காலியில் நெடுநேரம் உட்கார முடியவில்லை, வேறு ஆளைத் தயார் செய்துகொள்ளுங்கள் என்று சொல்லிவிட்டாள்.

ஹீலர் இல்லாத குழு நிற்காது. எல்லோருக்கும் அது தெரியும். அதிகம் கவலைப்பட்டவர் கேடயக்காரர் காதர் மைதீன். கடையநல்லூர்க்காரர், ஷார்ஜாவில் தனியாக இருந்தார். வாரத்தில் அவர் வாய்விட்டுத் தமிழ் பேசுவது ஞாயிற்றுக்கிழமைக் காலையில் இந்த ஆட்டத்தில்தான். குழு கலைந்தால் நான் யாரோடு பேசுவேன் என்று ஒருநாள் சிரித்துக்கொண்டே கேட்டார்.

அதுவரை வாள் பிடித்துத் தாக்கிக்கொண்டிருந்த செங்கோடன், வாளைக் கீழே வைத்துவிட்டு, நான் ஹீலர் ஆகிறேன் என்றார். அவர் விட்ட வாளுக்குப் புதிதாக ஓர் ஆள் வந்து சேர்ந்தார்.

"இனிமே நீங்கதானுங்க அம்மிணி எனக்குக் குரு."

"குருவெல்லாம் வேண்டாம்ணே. கேக்கணும்னு தோணுதத கேளுங்க, போதும்" என்றாள் ஜெசிந்தா.

அவர் முதலில் கேட்டது மந்திரங்களைப் பற்றி அல்ல, மேக்ரோவைப் பற்றி. நாலைந்து முறை அழுத்திச் செய்ய வேண்டியதை ஒரே பட்டனுக்குள் எழுதி வைத்துக்கொள்வதற்கு மேக்ரோ என்று பேர். அந்த விளையாட்டு அதை அனுமதித்தது. செங்கோடனுக்கு வேறென்ன வேண்டும்? ஒரு வாரம் உட்கார்ந்து எழுதினார். யாருக்கு உயிர் குறைந்திருக்கிறதோ அவரைத் தானே தேடிப் பிடித்து ஆற்றும் பட்டன் ஒன்று. விஷத்தை இறக்க ஒன்று. விழுந்தவரை எழுப்பும்போதே, "எந்திரிங்க, வேலை கெடக்குது" என்று திரையில் தானே எழுதுவதற்கும் ஒன்று. இந்தக் கடைசிப் பட்டன் குழுவில் எல்லோருக்கும் பிடித்துப் போயிற்று. அடிக்கடி அதைப் பார்க்கவும் கிடைத்தது.

மூன்றாம் கோட்டையின் வாசலில் ஒரு கருங்கல் யானை இருந்தது. அதனிடம் போகும்போதெல்லாம் ஒரே கதைதான். காதர் மைதீனுக்கு ஒரு கீறல் விழும், செங்கோடன் பட்டனைத் தட்டுவார், கீறல் மறையும். இன்னொரு கீறல் விழும், இன்னொரு தட்டு. ஒவ்வொரு தட்டுக்கும் ஹீலரின் மந்திர சக்தியில் கொஞ்சம் கரையும். யானை கடைசியில் காலைத் தூக்கி மிதிக்கும் நேரத்தில் சக்தி சுத்தமாக வற்றியிருக்கும். ஐந்து பேரும் தரையில் கிடப்பார்கள். எழுப்பும் பட்டனைத் தட்ட வேண்டிய ஹீலரும் அவர்களோடுதான் கிடப்பார்.

செங்கோடன் மேலும் மேக்ரோ எழுதினார். விழுவதற்கு ஆன நேரம் கொஞ்சம் கூடியது. விழுவது நிற்கவில்லை.

அவர் ஜெசிந்தாவைப் போனில் கூப்பிட்டார். தன் கணக்கில் எங்கோ ஒரு தவறு இருக்கிறது, உங்கள் மேக்ரோவை ஒரே ஒரு முறை காட்டுங்கள், அதைப் பார்த்துத் திருத்திக்கொள்கிறேன் என்றார். அவள் யோசித்துவிட்டு, ஒன்று அனுப்புகிறேன், கட்டைவிரல் சும்மா கிடக்கும் இடத்தில் வைத்துக்கொள்ளுங்கள் என்றாள்.

வந்தது. திறந்து பார்த்தார். உள்ளே ஒரு எழுத்துகூட இல்லை.

அனுப்பும்போது ஏதோ அழிந்துவிட்டது என்று நினைத்து மறுபடியும் கூப்பிட்டார்.

"வெறும் பட்டனா வந்திருக்குதுங்க அம்மிணி."

"ஆமாண்ணே. அதுதான்."

"இது என்ன செய்யுமுங்க?"

"ஒண்ணும் செய்யாது."

குரு சொன்னதாயிற்றே என்று அதைக் கட்டைவிரலுக்கு அடியில் வைத்தார். ஒரு பட்டனுக்கான இடம் வீணாகிறதே என்று மனம் அரித்தது. இரண்டாம் நாள் அதற்குள் விஷம் இறக்கும் வரிகளை எழுதிப் போட்டார். அந்த ஞாயிற்றுக்கிழமையும் யானை மிதித்தது.

மறுநாள் மாலை ஜெசிந்தாவே கூப்பிட்டாள். சின்னக் கோட்டை ஒன்றுக்குப் போகிறேன், கூட இருந்து பாருங்கள் என்றாள். வீடியோ வந்தது. அவள் ஆட்டத்தின் திரையைக் காட்டவில்லை. போனைச் சாய்த்து வைத்துத் தன் கையை மட்டும் காட்டினாள்.

மருதாணி மங்கிப்போன கை. சண்டை நடக்கும் சத்தம் கேட்டது. கத்தி மோதியது, யாரோ கத்தினார்கள், எதுவோ இடிந்தது. அவளுடைய கட்டைவிரல் நடுப் பட்டனைத் தட்டிக்கொண்டே இருந்தது. மற்ற விரல்கள் எப்போதோ ஒருமுறைதான் அசைந்தன. கோட்டை விழுந்தது. ஆள் யாரும் விழவில்லை.

"நீங்க தட்டினது அந்த வெறும் பட்டனைத்தானுங்களே?"

"ஆமா."

"அதுதான் ஒண்ணும் செய்யாதே. அப்புறம் எதுக்குத் தட்டறீங்க?"

"அடுத்தவனுக்கு அடி விழுதத பாத்தா கை சும்மா இருக்காதுண்ணே. அதுக்கும் ஒரு வேலை குடுக்கணும்லா."

செங்கோடனுக்கு விளங்கியது. விளங்கியது என்றுதான் அவர் நினைத்தார்.

இரண்டு நாள் கழித்துப் பட்டறையிலிருந்தே உற்சாகமாகக் கூப்பிட்டார். பொறுத்திருக்க வேண்டும், அதுதானே விஷயம் என்றார். தன் கையை நம்ப முடியாது என்பதால் அதற்கும் ஒரு வழி செய்துவிட்டாராம். உயிர் பாதிக்குக் கீழே இறங்கும் வரை எந்தப் பட்டனைத் தட்டினாலும் மந்திரம் போகாதபடி மேக்ரோவிலேயே எழுதிவிட்டார். இனி பொறுமையும் தானாகவே நடக்கும். ஹீலர் கண்ணை மூடிக்கொண்டு தட்டினாலே போதும்.

ஜெசிந்தா முழுக்கக் கேட்டாள். நன்றாகத்தான் எழுதியிருக்கிறீர்கள் என்று பாராட்டவும் செய்தாள்.

பிறகு, "அப்ப நீங்க அங்க எதுக்குண்ணே?" என்றாள்.

கேலியாகக் கேட்கவில்லை. தெரிந்துகொள்ளக் கேட்பது போலத்தான் கேட்டாள். எதிரே செங்கோடன் பொருத்திய மோட்டார் தானாக ஓடித் தானாக நின்றது. அதைப் பார்த்துக்கொள்ளவென்று அங்கே ஆள் இல்லை.

அன்று வீட்டுக்குப் போனதும் எல்லா மேக்ரோக்களையும் அழித்தார். விழுந்தவரை எழுப்பும் பட்டனை மட்டும் விட்டுவைத்தார். குழுவில் அதற்கு ரசிகர்கள் இருந்தார்கள். பிறகு கட்டைவிரலுக்கு அடியில் இருந்த பட்டனைத் திறந்து, தான் எழுதிய வரிகளைத் துடைத்து, பழையபடி வெறுமையாக்கினார்.

ஞாயிற்றுக்கிழமை வந்தது. கூட இருந்து பார்க்க ஜெசிந்தாவால் வர முடியவில்லை. ஐந்து பேரும் யானைக்கு முன்னால் போய் நின்றார்கள்.

காதர் மைதீனுக்குக் கீறல் விழுந்தது. செங்கோடனின் விரல் துடித்தது. வெறும் பட்டனைத் தட்டினார். இன்னொரு கீறல் விழுந்தது. மறுபடியும் அதையே தட்டினார். காதர் மைதீனின் உயிர்க்கோடு பச்சையிலிருந்து மஞ்சளானது.

"அண்ணாச்சி, இருக்கியளா?"

"இருக்கேனுங்க."

"ரத்தம் கொறையுதே."

"பாத்துட்டுத்தானுங்க இருக்கேன்."

யானை தும்பிக்கையை ஓங்கியது. இத்தனை வாரமாக நின்ற இடத்திலேயே நின்று அடி வாங்கிய காதர் மைதீன், முதல் தடவையாக ஓரடி விலகினார். தும்பிக்கை வெறுந்தரையில் விழுந்து தூசி பறந்தது. இப்படி விலகலாம் என்று எனக்குத் தெரியாதே என்று அவர் ஆச்சரியத்தோடு சொன்னார். ஆற்ற ஆள் இருந்தவரை அவர் விலக வேண்டியிருக்கவில்லை.

சண்டை நீண்டது. செங்கோடன் பார்த்துக்கொண்டே இருந்தார். அவசியப்பட்ட இடத்தில் ஆற்றினார். மற்ற நேரமெல்லாம் கட்டைவிரல்தான் தட்டியது. சக்தி பாதிக்கு மேல் மிச்சமிருந்தது.

அவர்கள் குழுவில் வில் பிடிப்பவள் சுகிர்தா. ஆடும்போதெல்லாம் எதையாவது கொறித்துக்கொண்டே இருப்பாள், அன்றைக்கு முறுக்கு. அந்தச் சத்தம் எல்லோர் காதிலும் விழுந்துகொண்டிருந்தது. திடீரென்று அது நின்றது. சுகிர்தாவுக்கு ஒரு கீறலும் இல்லை, அவள் உயிர்க்கோடு முழுப் பச்சையாக இருந்தது. யானை இன்னும் காதர் மைதீனைப் பார்த்துத்தான் நின்றது. ஆனால் செங்கோடனின் கை தானாகப் போய், வைத்திருந்ததிலேயே பெரிய காப்பு மந்திரத்தை எடுத்து அவள்மேல் போட்டது. போட்ட மறு நொடி யானை திரும்பி அவளை மிதித்தது.

சுகிர்தா விழவில்லை. எல்லோரும் ஒன்றாகப் பாய்ந்தார்கள். யானை சரிந்தது.

ஷார்ஜாவிலிருந்து கேட்ட கூச்சலில் பக்கத்து அறைக்காரர்கள் வந்து கதவைத் தட்டியதாகக் காதர் மைதீன் பிறகு சொன்னார். அவர்களுக்கும் டீ போட்டுக் கொடுத்து, கதை முழுவதையும் சொன்னாராம். அடுத்த ஞாயிறு எத்தனை மணிக்கு என்று செங்கோடனைக் கேட்டுவிட்டுத்தான் இணைப்பிலிருந்து போனார்.

செங்கோடன் ஜெசிந்தாவைக் கூப்பிட்டார். அவள் காலைத் தலையணைமேல் தூக்கி வைத்துப் படுத்திருந்தாள். நடந்ததையெல்லாம், முறுக்குச் சத்தம் நின்றதைக்கூட, ஒன்று விடாமல் சொன்னார். அவள் இடையிடையே சிரித்தாள். காதர் மைதீன் விலகிய இடத்தை மட்டும் இன்னொரு தடவை சொல்லச் சொல்லிக் கேட்டாள்.

பிறகு செங்கோடனின் குரல் தணிந்தது.

"அந்தப் புள்ளைக்கு ஒரு கீறல் இல்லீங்க. யானை அந்தப் பக்கம் திரும்பக்கூட இல்லை. அடி அவமேலதான் விழப்போவுதுன்னு எனக்கு எப்படிங்க அம்மிணி தெரிஞ்சது?"

"எனக்குத் தெரியும்ணே. சொல்லத்தான் மாட்டேன்."

"ஏனுங்க?"

"சொன்னா அதையும் ஒரு பட்டனாக்கிருவிய."