பதினேழாம் வாய்ப்பாடு

தீர்த்தகிரிக்கு ஒன்பது நாள் லீவு. அதற்குள் ஆறாயிரத்துச் சொச்சம் மீட்டர் மலை ஒன்றில் ஏறி, இறங்கி, அரூர் திரும்பிப் பத்தாம் வகுப்புக்குக் கணக்கு எடுக்க வேண்டும்.

மலைக்குப் பெயர் உண்டு. இங்கே அது தேவையில்லை. லடாக்கில் இருக்கிறது, போதும்.

அடுத்த மாதம் பன்னிரண்டாம் தேதி தங்கை வளர்மதிக்கு அவர் ஒரு சிறுநீரகம் கொடுக்கிறார். டெஸ்ட் எல்லாம் முடிந்துவிட்டது. அதற்குப் பிறகு மனைவி அவரை மாடிப்படிகூடத் தனியாக ஏற விடமாட்டாள். இருபது வருட ஆசைக்கு மிச்சம் இருந்தது இந்த ஒன்பது நாள்தான். வீட்டில் ஊர் சுற்றிப் பார்க்கப் போவதாகச் சொல்லியிருந்தார். மலையில் சிறுநீரகத்தைப் பற்றிச் சொல்வதாக இல்லை.

வழிகாட்டி ஜெயசீலி. குளச்சல்காரர். ராணுவ ஆஸ்பத்திரி நர்ஸாக லே நகருக்கு வந்தவர், வேலையை விட்ட பிறகும் ஊர் திரும்பவில்லை. மலைக்கு ஆள் கூட்டிப் போகிறார். தீர்த்தகிரியைவிட ஏழு வயது சின்னவர். ஊருக்கே இன்னும் சிஸ்டர்தான்.

முதல் நாளே தீர்த்தகிரி அவரிடம் கிராஃப் தாளை நீட்டினார். மூன்று நிற மை. நாள் கீழே, உயரம் பக்கவாட்டில். கோடு சாய்வாக மேலே ஏறி ஒரு புள்ளியில் முடிந்தது.

"அழகா இருக்கு சார். மலைகிட்ட காட்டிட்டீங்களா?"

தீர்த்தகிரி சிரிக்கவில்லை.

"ஓய்வு ஒரு நாள்னு போட்டிருக்கீங்க. இங்க காத்து கம்மி, உடம்பு பழகணும். மூணு நாள்."

"மூணு நாள் சும்மாவா, சிஸ்டர்?"

"அதுதான் கஷ்டம். ரெண்டாம் நாளே கால் அரிக்கும். கடைவீதிக்குக்கூடப் போகக்கூடாது."

தீர்த்தகிரி அழித்து எழுதினார். எட்டாம் நாள் உச்சி, ஒன்பதாம் நாள் விமானம். உபரியாக ஒரு வேளைகூட இல்லை.

"அப்போ ஆறாம் நாளை எடுத்துடலாமே. மேல் முகாம் வரைக்கும் போயிட்டுக் கீழே வந்து தூங்கறதா இருக்கு. ஏறினதையே மறுபடி ஏறணுமா?"

"உங்க பிள்ளைகளுக்கு ஒரு கணக்கை ஒரு தடவைதான் சொல்லிக் கொடுப்பீங்களா?"

"அது பிள்ளைகளுக்கு."

"உடம்பும் பிள்ளைதான். மெதுவாத்தான் ஏறும். இன்னொண்ணு. நடக்கும்போது வாய் ஓயாம பேசிக்கிட்டே வரணும். பேச்சு நின்னா நாம நிப்போம்."

"என்ன பேச?"

"எதையாவது. தலைவலிக்குதான்னு கேட்டா எல்லாரும் இல்லைன்னுதான் சொல்றாங்க. மூச்சுக்குப் பொய் சொல்லத் தெரியாது."

மூன்று நாள் சும்மா இருந்தார். நான்காம் நாள் ஜீப், நடை. ஹெட்மாஸ்டரைத் திட்டிக்கொண்டே நடந்தார். அதற்கு விஷயம் நிறைய இருந்தது.

ஐந்தாம் நாள் ஒரு திருப்பத்தில் பேச்சு நின்றது.

மலை எதிரே நின்றது. கிராஃப்பில் அது ஒரு புள்ளி. இங்கே பாதி வானத்தை எடுத்துக்கொண்டிருந்தது. அதன் தோளிலிருந்து பனித்தூள் புகைபோலக் கிளம்பிக் கிழக்கே போனது. சத்தமே இல்லை. இவ்வளவு பெரிய ஒன்று இவ்வளவு சத்தமில்லாமல் இருக்க முடியும் என்று தீர்த்தகிரிக்கு அதுவரை தெரியாது. கையெடுத்துக் கும்பிட்டார். யாரும் சொல்லிக் கும்பிடவில்லை.

"மூச்சு வாங்குதா?" ஜெயசீலி திரும்பிப் பார்த்தார்.

"இல்ல, சிஸ்டர். இதைப் பார்த்தேன்."

"சரி. நடங்க."

எட்டாம் நாள் விடியும் முன்பே மேல் முகாமிலிருந்து கிளம்பினார்கள். இடுப்பிலிருந்து இடுப்புக்குக் கயிறு. முன்னால் ஜெயசீலி.

எழும்போதே தீர்த்தகிரிக்குத் தலை வலித்தது. காதுக்குப் பின்னால் யாரோ ஆணி அடிப்பதுபோல.

"தலைவலி?"

"கொஞ்சம்கூட இல்ல."

ஹெட்மாஸ்டரைத் திட்ட முயன்றார். நான்கு வார்த்தைக்கு மேல் வரவில்லை. பேச்சு நின்றால் கயிறும் நின்றுவிடும். இருபத்தாறு வருடம் கணக்கு வாத்தியார். ஒரு வழி தோன்றியது.

"ஓர் பதினேழு பதினேழு. ஈர் பதினேழு முப்பத்து நான்கு."

தடங்கல் இல்லாமல் வந்தது. நாக்கு அதுபாட்டுக்குச் சொன்னது, மூளையைக் கேட்கவில்லை. முடிந்ததும் மறுபடி ஆரம்பித்தார். ஜெயசீலி ஏறிக்கொண்டே இருந்தார். வானம் சாம்பல் நிறமானது.

மூன்றாவது சுற்றில் கயிறு நின்றது.

"திருப்பிச் சொல்லுங்க சார். நூற்று எழுபதிலிருந்து கீழே."

"நூற்று எழுபது. நூற்று ஐம்பத்து மூணு." தீர்த்தகிரி நிறுத்தினார். "நூற்று..."

வரவில்லை. அந்த எண் இருக்க வேண்டிய இடத்தில் வெறும் வெள்ளை. அவருக்குப் பயம் பிடித்தது. மலையைப் பார்த்து அல்ல.

"எப்போலேருந்து வலி?"

"எழுந்ததுலேருந்து."

"உயரம் மூளையைத் தொட்டுடுச்சு. இறங்கலாம்."

"சிஸ்டர், எனக்கு இன்னொரு தடவை கிடையாது." அப்போதுதான் சொன்னார். வளர்மதி, பன்னிரண்டாம் தேதி, சிறுநீரகம்.

ஜெயசீலி இடுப்புக் கயிற்றைத் தொட்டுப் பார்த்தார்.

"ரெண்டு பேரு இந்தக் கயித்துலன்னு நினைச்சு ஏறினேன். மூணு பேரா?"

தீர்த்தகிரி தலைகுனிந்தார்.

"அந்தப் பொண்ணுகிட்ட கேட்டீங்களா, வரியான்னு?"

"இல்ல."

"உட்காருங்க. இந்தத் தண்ணியைக் குடிச்சு முடிங்க. அஞ்சு நிமிஷம். அப்புறம் இறக்கம்."

பனியில் உட்கார்ந்தார்கள். வெயில் வந்தது. முதலில் உச்சியில் ஒரு கீற்று. பிறகு அது வழிந்து இறங்கியது, தங்கம் காய்ச்சி ஊற்றினாற்போல, பள்ளம் பள்ளமாக நிரப்பிக்கொண்டு. பின்னால் நூறு மலைகள் ஒவ்வொன்றாகத் தலைகாட்டின. தீர்த்தகிரி எண்ண ஆரம்பித்து விட்டுவிட்டார். குடுவை கையிலேயே இருந்தது.

"குடிங்க."

குடித்தார். பாதி ஜாக்கெட்டில் போனது.

"உச்சிக்கு இன்னும் எவ்வளவு?"

"ரெண்டு மணி நேரம்."

"நீங்க எத்தனை தடவை போயிருக்கீங்க?"

"பதினோரு தடவை."

"மேலே நின்னா எப்படி இருக்கும்? அதையாவது சொல்லுங்க."

வெளிச்சம் அவர்கள் உட்கார்ந்திருந்த இடத்துக்கு வந்து, பூட்ஸைத் தொட்டு, முழங்கால் வரை ஏறியது. ஜெயசீலியின் கண் மலையை விட்டு நகரவில்லை.

"தெரியல சார். பதினோரு தடவையும் கூட வந்த ஆளைத்தான் பார்த்தேன். மலையைப் பார்க்கிறது இன்னிக்குத்தான்."