தரையை இழுத்தது யார்?

வெயில் எட்டாத ஆழ்கடலின் அடியில் ஒரு நீளமான வெடிப்பு இருந்தது. அதற்குக் கிழக்கே ஒரு வெந்நீர் ஊற்று. ஊற்றைச் சுற்றிப் படரும் வெள்ளைப் பாசியைத் தின்று ஒரு நண்டுக் கூட்டம் வாழ்ந்தது. கூட்டத்துக்குத் தலைவன் கல்லன். அவனுடைய தங்கை செவ்வி. வெடிப்புக்கு மேற்கே இன்னொரு நண்டுக் கூட்டம் இருந்தது.

ஊற்று மெல்ல ஆறிப்போனது. பாசியும் குறைந்தது. வயிற்றில் முட்டைகளைச் சுமந்திருந்த செவ்விக்கு நடக்கக்கூடத் தெம்பில்லை.

"எல்லாம் மேற்குக் கூட்டத்தின் வேலை!" என்று கத்தினான் கல்லன். "நம்ம பாட்டன் காலத்தில் வெடிப்பு பக்கத்திலேயே இருந்ததாம். அதன் சூட்டில்தான் ஊற்று கொதித்ததாம். இப்போ எவ்வளவு தூரம் பார்! அவங்கதான் தங்கள் பக்கம் இழுத்துக்கிட்டாங்க!"

சண்டைக்குப் போனார்கள். கால் ஒடிந்து திரும்பினார்கள். மறுபடி போனார்கள். எதற்காகப் போகிறோம் என்று கேட்கவும் யாருக்கும் சக்தியில்லை.

கடைசியாக ஒருமுறை செவ்வியும் கூடவே ஊர்ந்து போனாள். வெடிப்பின் ஓரத்தில் மேற்குக் கூட்டத்தின் தலைவி முள்ளி நின்றிருந்தாள். அவளும் சண்டையில் ஒரு கொடுக்கை இழந்திருந்தாள்.

"திருட்டுப் பயல்களே!" என்றாள் முள்ளி. "எங்க ஊற்றும் ஆறிப்போச்சு! வெடிப்பை உங்க பக்கம் இழுத்தது நீங்கதானே?"

செவ்வி திகைத்தாள். "ரெண்டு பேருக்குமே தூரமாகிவிட்டதென்றால், இழுத்தது யார்?"

அவ்வழியே போன விலாங்கு ஒன்று நின்றது. அதுவும் வெகுதூரம் நீந்திக் களைத்திருந்தது.

"யாரும் இழுக்கவில்லை. உங்க காலடித் தரைதான் ரெண்டு பக்கமும் விலகிப் போகுது. நடுவில் தீக்குழம்பு ஏறி உறைந்து புதுத் தரையாகுது."

"பழைய தரை எங்கே போகும்?" என்று சீறினான் கல்லன்.

"போய்க்கொண்டே இருக்கும். ரொம்பத் தொலைவில், ஒரு கரைக்கு அடியில் புகுந்து மூழ்கும். அங்கே கரை நெருக்குண்டு மலை மலையாக எழுந்து நிற்குதாம். அந்தக் கரைக்கு முட்டையிடப் போய்வந்த ஆமைகள் சொன்ன சேதி இது."

"பொய்!" என்றான் கல்லன்.

செவ்வி சுற்றும்முற்றும் பார்த்தாள். வெடிப்பின் ஓரத்திலேயே ஒரு புது ஊற்று கொதித்துக்கொண்டிருந்தது. பாசி அடர்ந்திருந்தது. சண்டை மும்முரத்தில் யாரும் அதைக் கவனிக்கவே இல்லை!

"அண்ணா, என்னால் இனி முடியாது. நான் இங்கேயே இருந்துக்கிறேன்," என்று உட்கார்ந்தாள்.

முள்ளியும் அவள் பக்கத்தில் வந்து உட்கார்ந்தாள். இரண்டு கூட்டமும் மேயத் தொடங்கின. கல்லன் மட்டும், "என் இடத்தை விடமாட்டேன்!" என்று தனியாகத் திரும்பிப் போனான்.

செவ்வியின் முட்டைகள் பொரிந்தன. கல்லன் வரவில்லை. அவள் தேடிப் போனபோது, ஆறிப்போன ஊற்றின் வாயில் அவன் ஓடு மட்டும் கிடந்தது. கொடுக்கு மேற்கு நோக்கி ஓங்கியபடியே இருந்தது.

யாரும் செய்யாத மாற்றத்துக்கு எதிரியைத் தேடுகிறவன் களைத்தே அழிவான். மாற்றத்தைப் பார்த்து இடம் மாறுகிறவனே பிழைப்பான்.