சங்கிலித் துணை

முன்னொரு காலத்தில், ஊரை இரண்டாகப் பிரித்துக்கொண்டு ஓர் ஆறு ஓடிய நாட்டில், ராஜாவுக்குச் சிறைச்சாலையின் மேல் ஆசை வந்தது. மற்ற ராஜாக்களுக்கு யானையின் மேலோ பூந்தோட்டத்தின் மேலோ வருகிற அதே ஆசைதான். கருங்கல்லில் ஒரு கோட்டைச் சிறையைக் கட்டினார். வெளிநாட்டுத் தூதர் யார் வந்தாலும் முதலில் அங்கேதான் அழைத்துப் போனார். "உள்ளே திருடனாகப் போகிறவன் வெளியே மனிதனாக வருகிறான்" என்பார். தூதர்கள் தலையை ஆட்டுவார்கள். விருந்து அதற்குப் பிறகுதான்.

சிறையை நடத்தியவர் கோட்டைத் தலைவர் அரிமர்த்தனர். அவர் கொண்டுவந்த ஏற்பாடு ஒன்று ராஜாவுக்கு மிகவும் பிடித்திருந்தது. புதிதாக வரும் கைதியைப் பழைய கைதி ஒருவனோடு ஒரே சங்கிலியில் பிணைத்துவிடுவார். ஒருவனுக்கு இடது கால், மற்றவனுக்கு வலது கால். சோறு, தூக்கம், கல் உடைப்பு எல்லாம் சேர்ந்தே. அந்தத் துணைக்குச் சங்கிலித் துணை என்று பெயர். பழையவனுக்குக் கோட்டையின் விதிகள் தெரியும், புதியவனை அவனே அடக்கி வைத்துக்கொள்வான், காவலர்கள் பாதிப்பேர் போதும் என்பது யோசனை. மீதிக் காவலர்கள் அரிமர்த்தனரின் மாந்தோப்பைக் காவல் காத்தார்கள்.

அரிமர்த்தனருக்கு ஒரு மனக்குறை இருந்தது. அவர் சபையில் பேசினால் ராஜா கொட்டாவி விட்டார். சபையைச் சிரிக்க வைக்கும் விகடன் குப்பாண்டி வாயைத் திறந்தாலே ராஜா நிமிர்ந்து உட்கார்ந்தார்.

அந்த ஆண்டு நவராத்திரிக்குச் சற்று முன்னால் ஓடக்காரன் செம்பானைப் பிடித்துக்கொண்டு வந்தார்கள். அவன் ஓடத்தின் அடிப்பலகை உடைந்துவிட்டது. புதுப் பலகைக்கு வழியில்லாமல், சத்திரத்துச் சமையலறையில் இருந்த பித்தளை அண்டாவைத் தூக்கிவிட்டான். தூக்கினது பட்டப்பகலில். யாரும் முகத்தைப் பார்த்துவிடக் கூடாது என்று அண்டாவைத் தலையில் கவிழ்த்துக்கொண்டு நடந்தான். எதிரே வருகிறவர் தெரியாமல் சத்திரத்து மணியக்காரர் மேலேயே போய் மோதினான்.

சபை சிரித்தது. ராஜா சிரிக்கவில்லை. "ஓராண்டுக் காலம் இவன் காலில் சங்கிலி. துணைக்கு ஒருவன். இது நம் வாக்கு" என்றார். திருவிழா நாட்களில் யாருக்கும் விலங்கு பூட்டுவதில்லை என்பதால், விஜயதசமி முடிந்ததும் பூட்டலாம் என்று முடிவாயிற்று.

மறுநாள் செம்பானின் மனைவி காத்தாயி, குப்பாண்டி வீட்டு வாசலில் வந்து நின்றாள்.

"ஐயா, எங்க தெருவுல முத்திருளன்னு ஒருத்தரு. பலாப்பழம் திருடுனாருன்னு கோட்டைக்குள்ள போட்டாங்க. இப்ப வெளிய வந்துட்டாரு. அவரு தெருவுல நடந்தா நாங்க உலைப்பானையக்கூட உள்ள தூக்கி வச்சுக்கிறோம். எம் புருசன் அப்படித் திரும்பி வந்தா நான் என்ன பண்ணுவேன்?"

"அழாதே அம்மா."

"நான் அழுவல. கேக்குறேன்."

குப்பாண்டி எழுந்தார். துண்டை எடுத்துத் தோளில் போட்டுக்கொண்டு கிளம்பினார். கோட்டையிலிருந்து விடுதலையானவர்களைத் தெருத்தெருவாகத் தேடிப் பார்த்துப் பேசினார். எல்லாரும் ஒரே வார்த்தைதான் சொன்னார்கள்: "கோட்டைத் தலைவர் தெய்வமுங்க." அதைச் சொல்லும்போது எல்லார் கண்ணும் குப்பாண்டியின் இடுப்பில் தொங்கிய சுருக்குப்பை மேல் இருந்தது.

அடுத்த சபையில் அரிமர்த்தனர் எழுந்தார். "பிரபு, கோட்டையில் இடம் போதவில்லை. இன்னொரு பகுதி கட்டியாக வேண்டும். கல்லுக்கும் சொல்லியாயிற்று."

"மகாராஜா, எனக்கு ஒரு சந்தேகம்" என்றார் குப்பாண்டி. "ஒரு வைத்தியர் எல்லா நோயும் குணமாகிவிட்டது என்கிறார். கூடவே, படுக்க வைக்க இடம் இல்லை, இன்னும் பத்துக் கட்டில் வேண்டும் என்கிறார். அவர் கொடுக்கும் மருந்தை நான் குடிப்பேனா?"

அரிமர்த்தனர் இதற்காகத்தான் காத்திருந்தார். "பிரபு, ஓடக்காரன் பெண்டாட்டி இவர் வீட்டு வாசலில் நின்றதை ஊரே பார்த்தது. திருடனுக்காக இவ்வளவு உருகுகிறவரை அவனுடனேயே கோட்டைக்குள் அனுப்பலாம். உள்ளே இருந்து பார்த்துவிட்டுச் சொல்லட்டும்."

ராஜாவுக்குக் கோட்டையைப் பற்றிக் குறை சொன்னால் பிடிக்காது. "குப்பாண்டி, கோட்டை மனிதனைக் கெடுக்கிறது என்று விஜயதசமிக்குள் நிரூபிக்க வேண்டும். அங்கே போய் வந்தவர்கள் வாயாலேயே அதைச் சொல்ல வைக்க வேண்டும். முடியாவிட்டால் செம்பானுக்குப் பக்கத்தில் உனக்கும் ஒரு சங்கிலி."

வெளியே வந்தவர்களில் ஒருவரும் வாய் திறக்க மாட்டார்கள் என்று குப்பாண்டிக்கு நன்றாகத் தெரியும். ஆனாலும் அவர் பின்வாங்கவில்லை. "அப்படியே ஆகட்டும், மகாராஜா. ஒரே ஒரு விண்ணப்பம். விஜயதசமி அன்று நாட்டிலுள்ள ஆசிரியர்கள் எல்லாரும் தம் மாணவர்களை அழைத்து வந்து, கற்றதைச் சபையில் காட்டச் செய்கிறார்கள். சிறந்த ஆசிரியருக்குப் பட்டு போர்த்துகிறீர்கள். இவ்வளவு பேரை மனிதர்களாக்கிய கோட்டைத் தலைவரை மட்டும் ஏன் விட்டுவிட வேண்டும்? அவருடைய மாணவர்களும் வரட்டும்."

அரிமர்த்தனர் விகடனைக் கூர்ந்து பார்த்தார். பிறகு பட்டுச் சால்வையை நினைத்துக்கொண்டார். "மகிழ்ச்சி" என்றார்.

"கற்றதைச் செய்து காட்டுகிற மாணவனுக்கு அன்று தண்டனை கிடையாது என்பது வழக்கம். அது இவர்களுக்கும் உண்டல்லவா?"

"உண்டு" என்றார் ராஜா. "அதுவும் நம் வாக்கு."

விஜயதசமி அன்று சபை நிரம்பி வழிந்தது. இலக்கண மாணவர்கள் சூத்திரம் சொன்னார்கள். மல்லர்கள் புரண்டார்கள். ஒரு பெண் வீணை வாசித்தாள். அதன்பிறகு கோட்டையின் மாணவர்கள் வரிசையாக வந்தார்கள். வெள்ளை வேட்டி, நெற்றி நிறையத் திருநீறு. ஒவ்வொருவராக அரிமர்த்தனர் காலில் விழுந்து எழுந்து, ராஜா கையால் வெற்றிலை பாக்கு வாங்கிக்கொண்டு, கை கட்டி நின்றார்கள். முதலாமவன் தொண்டையைச் செருமினான்.

"களவு செய்தல் பாவம். பிறர் பொருளை மண்ணாக நினைக்க வேண்டும்."

அரிமர்த்தனரின் உதடுகளும் கூடவே அசைந்தன.

"நன்றாகச் சொன்னாய்" என்றார் குப்பாண்டி. "இது கோட்டைக்குள் போவதற்கு முன்னால் உனக்குத் தெரியாதா?"

"தெரியுமுங்க. எங்கம்மா சொல்லியிருக்குது."

"அம்மா சொன்னதைக் காட்ட இங்கே வரவில்லையப்பா. கோட்டையில் கற்றது என்ன? மகாராஜா வாக்குக் கொடுத்திருக்கிறார். காட்டுகிறவனுக்குத் தண்டனை இல்லை."

வரிசை தரையைப் பார்த்தது. ராஜா இருக்கையில் சாய்ந்தார். அரிமர்த்தனர் புன்னகை செய்தார். வெளியே கொல்லன் செம்பானோடு காத்திருந்தான். அவன் பக்கத்தில் சங்கிலிகள் இரண்டு கிடந்தன.

குப்பாண்டி நேராக முத்திருளன் முன்னால் போய் நின்றார். "முத்திருளா, உன் தெருக்காரன் ஒருவன் இன்று உள்ளே போகிறான். நீ கற்றதை அவனும் கற்கட்டும் என்று நினைத்தால் பேசாமல் இரு."

முத்திருளன் வரிசையிலிருந்து ஓரடி முன்னால் வந்தான். பிறகு ராஜாவைப் பார்த்தான். "காட்டுனா கோவிச்சுக்க மாட்டீங்களே, ராசா?"

"காட்டு."

"காட்டியாச்சுங்க."

அவன் கையை விரித்தான். ஒரு கையில் அரிமர்த்தனரின் சாவிக்கொத்து. மற்றதில் ராஜாவின் முத்திரை மோதிரம்.

ராஜா தன் விரலைப் பார்த்தார். "எப்போது?"

"அவரு கால்ல விழுந்தப்போ ஒண்ணு. நீங்க வெத்தில குடுத்தப்போ ஒண்ணு."

அதன்பின் வரிசை கலகலத்தது. ஒருவன் மந்திரியின் கடுக்கனைத் தாம்பாளத்தில் வைத்தான். இன்னொருவன், "எனக்குக் கைத்தொழில் வராதுங்க, சுவர்தான்" என்று பணிவாகச் சொன்னான். "உங்க கருவூலத்துப் பின்பக்கம் உப்புப் பூத்துக் கெடக்குது. கன்னம் வைக்க அதவிட நல்ல எடம் ஊருக்குள்ள இல்ல. சீக்கிரம் பூசிருங்க." கருவூல அதிகாரி எழுந்து வெளியே ஓடினார்.

ராஜா முத்திருளனை அருகில் அழைத்தார். "நீ என்ன திருடி உள்ளே போனாய்?"

"பலாப்பழமுங்க. அதையும் தூக்க முடியாம பாதி வழியில மாட்டிக்கிட்டேன்."

"இதையெல்லாம் யார் கற்றுக்கொடுத்தது?"

"என் சங்கிலித் துணை, கன்னக்கோல் வீரணன். பகலெல்லாம் கல்லு ஒடைப்போம். பேச்சுக்கு வேற ஆளு யாரு? அவருக்குத் தெரிஞ்சத அவரு பேசுனாரு. கெட்டவரு இல்லீங்க, பொறுமையாச் சொல்லிக் குடுப்பாரு."

"வெளியே வந்து வேறு வேலை தேடவில்லையா?"

"தேடுனேன். காலுத் தழும்பப் பாத்தாங்க. போயிட்டு வாங்கன்னாங்க."

"அவனை வீரணனோடு பிணைத்தது யார்?" என்று ராஜா பொதுவாகக் கேட்டார். எல்லாரும் ஒரே பக்கம் பார்த்தார்கள்.

"அடி போதவில்லை, பிரபு" என்றார் அரிமர்த்தனர். "இன்னும் கடுமையாக..."

"மகாராஜா," என்று குப்பாண்டி குறுக்கிட்டார், "பட்டுச் சால்வையை யாருக்குப் போர்த்துவது? இலக்கண ஆசிரியர் பன்னிரண்டு வருடம் பாடுபட்டும் பாதி மாணவர்களுக்குச் சந்தி வரவில்லை. இங்கே ஒருவர்கூடத் தேறாமல் போகவில்லை."

ராஜா வாயைப் பொத்திக்கொண்டார். தோள்கள் குலுங்கின. கண்ணைத் துடைத்துக்கொண்டு, "அப்படிப் பார்த்தால் வீரணனுக்கல்லவா போர்த்த வேண்டும்" என்றார். இலக்கண ஆசிரியரைத் தவிரச் சபை முழுவதும் சிரித்தது.

அரிமர்த்தனர் மட்டும் நிதானம் இழக்கவில்லை. "விகடர் தப்பித்துக்கொண்டார், சரி. செம்பானுக்கு ஓராண்டுச் சங்கிலி, துணைக்கு ஒருவன் என்று பிரபு வாக்குக் கொடுத்திருக்கிறார். அரசர் வாக்கு மாறலாமா?"

ராஜாவின் முகம் மாறிற்று. வாக்கு மாறியதாகப் பேர் எடுக்க அவர் விரும்பவில்லை. "உண்மைதான் குப்பாண்டி. அதை நான் மாற்ற முடியாது."

"மாற்ற வேண்டாம், மகாராஜா. சொன்னதை மட்டும் செய்வோம். சங்கிலி என்றீர்கள், சரி. துணைக்கு ஒருவன் என்றீர்கள், அதுவும் சரி. அந்த ஒருவன் யார் என்று நீங்கள் சொல்லவில்லை. எந்த இடத்தில் என்றும் சொல்லவில்லை." குப்பாண்டி படியில் உட்கார்ந்து வலது காலை நீட்டினார். "கொல்லனைக் கூப்பிடுங்கள்."

"நீ ஜெயித்துவிட்டாய். உனக்கு எதற்கு இது?"

"அவன் ஒருவனோடு ஓராண்டு கட்டுண்டு கிடந்தாக வேண்டும். திருடாதவன் ஒருவன் வேண்டும். இந்தச் சபையில் தேடிப் பார்த்தேன். உறுதியாகச் சொல்லும்படி எனக்கு என்னை மட்டும்தான் தெரியும்."

மந்திரிகள் சிலர் தம் கால்களை அங்கிக்குள் இழுத்துக்கொண்டார்கள்.

கோட்டைக்கு வந்து இறங்கிய கற்களை ராஜா இரு கரையிலும் படித்துறை கட்டக் கொடுத்தார். மாந்தோப்புக் காவலர்கள் கோட்டைக்குத் திரும்பினார்கள். அரிமர்த்தனர் மாந்தோப்புக்குப் போனார். முத்திருளன் புதுப் பலகை அறுத்துச் செம்பானின் ஓடத்துக்கு அடிப்பலகை போட்டான். விகடர் அரண்மனையிலிருந்து வாங்கிக் கொடுத்த பலகை அது. முத்திருளனை வேலைக்கு வைத்ததும் அவர்தான். தெருவில் முதலில் முணுமுணுத்தார்கள். ஓடம் ஒழுகாததைப் பார்த்து நிறுத்திக்கொண்டார்கள்.

கோட்டைக்குப் பதிலாக ஆற்றங்கரையில் தொடங்கிய இருவரின் சங்கிலி வாழ்க்கை லேசாக இல்லை. செம்பான் விடியுமுன் எழுகிறவன். விகடர் வெயில் ஏறினால்தான் எழுவார்.

"சாமி, எந்திரிங்க. அக்கரையில ஆளு நிக்குது."

"நிற்கட்டும். நிற்பதும் ஒரு வேலைதான்."

"நீங்க எந்திரிக்கலேன்னா நான் ஓடத்த எடுத்துருவேன். தண்ணியில நீந்திக்கிட்டே வாங்க."

சபை நாட்களில் செம்பான் விகடரின் பக்கத்தில் உட்கார்ந்து தூங்கினான். அவன் குறட்டைக்கு நடுவே பேசவேண்டியிருந்ததால் மந்திரிகளின் பேச்சு சுருங்கியது. ராஜா அதற்காகவே மகிழ்ந்தார்.

ஆண்டு முடிந்த அன்று ராஜாவே படித்துறைக்கு வந்தார். கொல்லன் பூட்டைத் தட்டி எடுத்தான். காத்தாயி தண்ணீர் கொண்டுவந்து இருவர் காலிலும் ஊற்றினாள்.

"உள்ளதைச் சொல், குப்பாண்டி. இவன் திருந்தினானா?"

"திருந்தினானா என்று எனக்குத் தெரியாது, மகாராஜா. அடுத்தவன் மனசுக்குள் போய்ப் பார்க்க என்னிடம் சாவி இல்லை. பசித்தபோது வேலை இருந்தது, திருடவில்லை. திருட யாரும் அவனுக்குச் சொல்லித் தரவில்லை. என் சாட்சி அவ்வளவுதான்."

"நீ என்ன சொல்கிறாய், செம்பா?"

"எங்கிட்ட என்னங்க கேக்குறீங்க? அவரக் கேளுங்க. வந்தப்போ துடுப்ப எந்தப் பக்கம் பிடிக்கறதுன்னு தெரியாது. இப்ப சுமாரா வலிக்கிறாரு."

ராஜா தன் முத்துமாலையைக் கழற்றிக் குப்பாண்டியின் கழுத்தில் போட்டார். இனிப் புதுக் கைதி எவனையும் பழைய திருடனோடு பிணைக்கக் கூடாது, ஒழுங்காகத் தொழில் செய்கிறவனோடு வேலைக்கு விட வேண்டும் என்று அங்கேயே ஆணையிட்டார். அப்போது அக்கரையிலிருந்து யாரோ கையைத் தட்டிக் கூப்பிட்டார்கள். செம்பான் ஓடத்தில் தாவி ஏறினான்.

"சாமி, ஏறுங்க."

குப்பாண்டி முத்துமாலையோடு, சங்கிலி இல்லாத காலைத் தூக்கி ஓடத்தில் வைத்து, துடுப்பைப் பிடித்து உட்கார்ந்தார். நடு ஆற்றுக்குப் போன பிறகுதான் தான் வந்திருக்க வேண்டியதில்லை என்பது அவருக்கு உறைத்தது. திரும்பிப் பார்த்தார். படித்துறையில் ராஜா வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்துக்கொண்டிருந்தார்.