மூன்று பேர் மிதித்தும் நின்ற சக்கரம்

குளம் வற்றியதற்கு வெயிலைக் குறை சொல்லாதீர்கள். பக்கத்து ஓடையில் தண்ணீர் இருந்தது. அதைக் குளத்துக்கு ஏற்றும் சக்கரம்தான் ஓடவில்லை.

சக்கரத்தின் அச்சில் ஒரு மிதிகட்டை. எருமை அதை ஓங்கி மிதிக்கும். சக்கரம் கிளம்பும். கட்டை கீழே போய்த் திரும்பவும் மேலே வரவேண்டும். அதுவரை மிதிக்க ஆளில்லை. சக்கரம் முக்கி நின்று பின்னால் உருளும். ஏறிய தண்ணீர் ஓடையிலேயே கொட்டும்.

சேற்றில் தலைப்பிரட்டைகள் துடித்தன.

"என் பிள்ளைங்க சாகுதே! காட்டுல வேற காலே இல்லையா?" என்று கத்தியது தாய்த்தவளை.

கரடியும் கழுதையும் வந்தன. அச்சில் இன்னும் இரண்டு கட்டைகள் ஏறின. மூன்றையும் ஒரே பக்கமாகக் கட்டச் சொன்னது எருமை.

"ஒற்றுமை வேணும்! மூணு காலும் ஒண்ணா விழணும்! ஐலசா!"

மிதித்தன. சக்கரம் துள்ளியது. அப்புறம்? மூன்று கட்டைகளும் ஒன்றாகக் கீழே போயின. அவை மேலே வரும்வரை மிதிக்க ஒரு கட்டையும் இல்லை. சக்கரம் நின்றது. மூன்று மடையர்கள் சேர்ந்தால் ஒரு பெரிய மடையன், அவ்வளவுதான்!

மறுபடி மிதித்தபோது கழுதையின் கட்டையைப் பிணைத்த கயிறு தளர்ந்தது. கட்டை சற்றுத் திரும்பிக்கொண்டது. கழுதையின் மிதி பிந்தி விழுந்தது.

"சோம்பேறி! தாளம் தப்புறியே!" என்று உறுமியது கரடி.

"கட்டையே பிந்தித்தான் வருது! நான் என்ன பண்ண?"

"ஏ எருமை, கண்ணைத் திற!" என்று சீறியது தவளை. "இவன் பிந்தினப்போ சக்கரம் நின்னுச்சா?"

"அதுக்காகத் தாளத்தை விடணுமா?"

"தாளத்தை நீயே வச்சுக்கோ! எனக்குத் தண்ணி வேணும்!"

கழுதை யாரையும் கேட்கவில்லை. கட்டுகளைப் பல்லால் அவிழ்த்தது. கட்டைகளை மூன்று திசைக்குத் திருப்பிக் கட்டியது. எருமையின் கால் ஓயுமுன் கரடி மிதித்தது. கரடி ஓயுமுன் கழுதை. சக்கரம் நிற்கவே இல்லை. குளத்தில் தண்ணீர் விழுந்தது. தலைப்பிரட்டைகள் வாலை ஆட்டின.

நம் வீட்டுக்கு வரும் ஒருமுனை மின்சாரமும், அதாவது சிங்கிள் பேஸ், அந்த ஒற்றை எருமைதான். விசை ஏறும், அடங்கும், திரும்ப ஏறும். மும்முனையில், அதாவது த்ரீ பேஸில், மூன்று கம்பிகள். ஒன்றில் விசை தணியும்போது இன்னொன்றில் ஏறும், மோட்டார் முக்காமல் சுற்றும்.

ஒற்றுமை என்பது எல்லாக் கால்களும் ஒன்றாக விழுவதல்ல, ஒரு கால் ஓயுமுன் அடுத்த கால் விழுவது என்று காட்டியது, திட்டு வாங்கிய அந்தக் கழுதை!